காலையில் குச்சி, இரவில் பிரஷ்: பல் மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் அருமனை வாசகி ஒருவருக்கு எழுதிய பதிலில், "வேப்பங்குச்சி நல்லதுதான், ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பல் கட்டுவது, கம்பி போடுவது, வேர் சிகிச்சை பற்றிய கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை பக்கம் முழுவதையும் குச்சிக்கே கொடுத்திருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

என் மாமியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இன்றும் முறுக்கைக் கடித்துச் சாப்பிடுகிறார். சிறு வயதிலிருந்தே வேப்பங்குச்சிதான். பள்ளியில் பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றிக் கேட்டுவிட்டு வந்த என் மகன், "நாமும் ஆச்சி மாதிரி மாறுவோம், பிரஷ்ஷை எல்லாம் தூக்கிப் போடுவோம்" என்று பிடிவாதம் பிடிக்கிறான். கணவருக்கும் சம்மதம். வீடு முழுவதும் குச்சிக்கு மாறிவிடலாமா டாக்டர்?
— வாசகி, பூதப்பாண்டி

மாறலாம் அம்மா, ஆனால் பாதி மாறினால் போதும். காலையில் குச்சி, இரவில் பிரஷ்ஷும் பேஸ்ட்டும். என்னிடம் வருகிற எல்லாரிடமும் நான் சொல்வது இதைத்தான்.

பல் எப்படிக் கெடுகிறது என்று பாருங்கள். துலக்கிய சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் வழவழப்பான ஒரு படலம் படியத் தொடங்குகிறது. நாக்கால் தடவினால் நமக்கே தெரியும். கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழ்கிற படலம் அது. நாம் தின்னும் சர்க்கரையையும் மாவுப் பண்டத்தையும் அவை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. இந்தப் படலத்தைத் தினமும் தேய்த்து எடுப்பதுதான் முக்கியம். எதைக் கொண்டு எடுத்தோம் என்பது இரண்டாம்பட்சம். குச்சியை முறையாகப் பயன்படுத்தியவர்களையும் பிரஷ் பயன்படுத்தியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில், படலத்தை நீக்குவதில் குச்சி பிரஷ்ஷுக்கு ஈடுகொடுத்திருக்கிறது. போதாக்குறைக்கு வேம்பின் கசப்புக்கும் ஆலின் துவர்ப்புக்கும் கிருமிகளைக் கட்டுப்படுத்தும் குணம் உண்டு. ஆகவே உங்கள் மகன் கேட்பது நியாயம்தான்.

பிறகு பேஸ்ட் எதற்கு என்றால், அதிலிருக்கும் ஃபுளோரைடுக்காக. அமிலம் கரைத்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து மீண்டும் படிய ஃபுளோரைடு உதவுகிறது. அப்படிப் படிந்த இடம் அடுத்த முறை அமிலத்துக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. வேப்பங்குச்சி அந்த வேலையைச் செய்யாது. அதிலும் தூங்கும்போது வாயில் உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். பகலில் அமிலத்தைக் கழுவிவிடுகிற காவல் இரவில் இல்லை. எனவே படுக்கப் போகும் முன் ஃபுளோரைடு பேஸ்ட் பல்லில் பட்டிருக்க வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் காலையில் துலக்காமல் தேநீர் குடிக்கக்கூடத் தயங்குகிறவர்கள் நிறையப் பேர். அதே ஆட்கள் இரவில் மரச்சீனியும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருவது இதுதான். காலையில் என்ன கொண்டு துலக்கினாலும், இரவில் துலக்காத வாயில் கடைவாய்ப் பல் தங்காது.

மாமியாரின் பல்லுக்கு வருகிறேன். குச்சிக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் அவர் வளர்ந்த காலத்தில் பிஸ்கட் ஏது, சாக்லேட் ஏது? கருப்பட்டிக் காப்பி ஒரு வேளை, பண்டிகைக்குப் பலகாரம், அவ்வளவுதானே. உங்கள் மகன் ஒரு நாளில் எத்தனை முறை இனிப்பு வாயில் போடுகிறான் என்று எண்ணிப் பாருங்கள். அவர் காலத்தில் குச்சி பிடித்தவர்களில் நாற்பது வயதிலேயே பல் போனவர்களும் உண்டு. அவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. ஆச்சியின் பல்லை எடுத்துக்காட்டுவதென்றால் ஆச்சியின் சாப்பாட்டையும் சேர்த்துக் காட்டுங்கள்.

"பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தீர்கள். தினமும் காலையில் வேப்பங்குச்சியை மென்றபடி தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறவன் நான். இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சுசீந்திரம்

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்லும் அந்த நடையில்தான் சிக்கல் இருக்கிறது. குச்சியை ஒரே கடைவாயில் வைத்து அரை மணி நேரம் மென்றுகொண்டு, வீடு திரும்பும்போது முன்பல்லை நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் துப்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மெல்லுகிற பக்கத்துப் பல் தேய்ந்திருக்கும். முன்பல் ஆறும் பளிச்சென்று இருக்கும். உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் காறை, அதாவது கல்லாக இறுகிய படலம், கட்டியிருக்கும். மெல்லுவது குச்சியைத் தயார் செய்யத்தான். துலக்குவது அதற்குப் பிறகு தொடங்குகிறது.

பச்சைக் கொப்பாக எடுங்கள். சுண்டுவிரலைவிடச் சற்று மெலிதாக, ஒரு சாண் நீளம், கணு இல்லாத பகுதி. சாலையோர மரத்தில் புழுதியும் வண்டிப் புகையும் படிந்திருக்கும். வீட்டு மரம் இருந்தால் அதுவே நல்லது. நுனி கருகிய கொப்பு வேண்டாம். கழுவிவிட்டு, ஒரு நகக்கண் அளவுக்குப் பட்டையை உரித்துவிட்டு, நுனியைக் கடைவாயில் வைத்து மெதுவாகத் திருப்பித் திருப்பி மெல்லுங்கள். முதலில் ஊறும் கசப்பைத் துப்பிவிடலாம். இரண்டு மூன்று நிமிடத்தில் கட்டை நார் நாராகப் பிரியும். அந்த நாரை உங்கள் புறங்கையில் தேய்த்துப் பாருங்கள். குத்தினால் இன்னும் மெல்ல வேண்டும். புறங்கைத் தோலில் குத்துகிற நார் ஈறையும் கிழிக்கும்.

இனித் துலக்குவது. மேல்பல்லை ஈறிலிருந்து கீழ்நோக்கி, கீழ்ப்பல்லை ஈறிலிருந்து மேல்நோக்கி. குறுக்காக அறுக்கவே கூடாது. வெளிப்பக்கம் எளிது. உள்பக்கத்துக்குத்தான் பொறுமை வேண்டும், ஏனென்றால் பிரஷ்ஷில் குச்சம், அதாவது தேய்க்கும் இழைகள், பக்கவாட்டில் நிற்கிறது, குச்சியில் நார் நுனியில் நீண்டு நிற்கிறது. வாயை நன்றாகத் திறந்து, நாரை ஒவ்வொரு பல்லின் உள்பக்கத்திலும் வைத்து மேலும் கீழுமாக எடுக்க வேண்டும். இரண்டு இடங்களை மறக்காதீர்கள்: கீழ் முன்பற்களின் உள்பக்கம், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்கம். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் திறப்பது அவற்றுக்கு அருகில்தான். உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து படலத்தில் இறங்கி, முதலில் காறையாக இறுகுவதும் அங்கேதான். இறுகிவிட்ட காறையைக் குச்சியும் எடுக்காது, பிரஷ்ஷும் எடுக்காது. எங்களிடம் வந்துதான் எடுக்க வேண்டும். காறை எடுத்தால் பல் ஆடும் என்று சொல்வதை நம்பாதீர்கள். ஈறு ஏற்கெனவே இறங்கியதால் ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காறை இறுகப் பிடித்து வைத்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

முடிந்ததும் குச்சியை இரண்டாகப் பிளந்து நாக்கை வழிக்கலாம். வீட்டில் தென்னை ஈர்க்கில் இருந்தால் அது இன்னும் நல்லது. மெல்ல வழியுங்கள், இரத்தம் வரும்வரை வேண்டாம். ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி இ-சிங் இங்குள்ளோர் பல் குச்சி பிடிக்கும் முறையை எழுதிவைத்திருக்கிறார். நாக்கு வழிப்பதையும் விடவில்லை. மென்ற நுனியை வெட்டிவிட்டு, மறுநாள் புது நுனி எடுங்கள். வெட்டிய துண்டைத் தென்னை மூட்டில் போட்டுவிடலாம்.

எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் ரப்பர்தான். வேப்பமரம் தேடினாலும் கிடைப்பதில்லை. வேறு எந்த மரத்துக் குச்சியை எடுக்கலாம்?
— வாசகர், குலசேகரம்

நல்ல கேள்வி. வேம்பு வெயிலும் வறட்சியும் விரும்பும் மரம். ஆரல்வாய்மொழி, தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் செழிக்கும். இரண்டு மழையும் பிடிக்கும் மேற்குப் பக்கத்தில் அத்தனை இல்லை. அதனால்தான் கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் நம் முன்னோர் மாவிலைக்குப் போனார்கள். பழுத்த மாவிலையின் நடு நரம்பை உருவிவிட்டு, இலையைச் சுருட்டி விரலில் வைத்துப் பல்லைத் தேய்ப்பார்கள். உருவிய நரம்பு நாக்கு வழிக்க. என் அம்மச்சி தேய்த்ததை நான் பார்த்திருக்கிறேன். பல்லின் முகப்பை அது நன்றாகத் துடைக்கும், இடுக்குக்குள் போகாது.

குச்சிக்கு உங்கள் புரையிடத்திலேயே, வீட்டைச் சுற்றிய நிலத்திலேயே, ஆள் இருக்கிறது. கொய்யா, நாவல், புங்கு, மா ஆகிய நான்குமே ஆகும். ஆலமரம் இருந்தால் விழுதின் இளம் நுனி மிக நல்லது. நார் மெதுவாகப் பிரியும், துவர்ப்பும் உண்டு. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதில் வரும் வேல், கருவேலமரம். மேற்கே அது அரிது. கிழக்கே எடுப்பவர்கள் சீமைக்கருவேலத்தை ஒடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் முள் குத்தினால் வீங்கிச் சீழ் பிடிக்கும். மாங்கொப்பின் பால் சிலருக்கு உதட்டைப் புண்ணாக்கும். ஒடித்ததும் கழுவி, பால் வடிந்தபின் எடுங்கள்; ஒரு முறை எரிச்சல் வந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள்.

இனிச் சொல்வதைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் சத்தமாகப் படியுங்கள். அரளிக் கொப்பை வாயில் வைக்கவே கூடாது. தோவாளைச் சந்தைக்குப் பூவாக வரும் செவ்வரளியானாலும் சரி, வேலியோரம் மஞ்சளாகப் பூக்கும் அரளியானாலும் சரி, இலை, பட்டை, பால், விதை எல்லாம் நஞ்சு. இதயத் துடிப்பையே குலைத்துவிடும். பார்வைக்குக் கொப்பு நேராக, வழவழப்பாக, குச்சிக்கென்றே வளர்ந்ததாகத் தெரியும், ஆபத்தே அதுதான். எட்டி எனப்படும் காஞ்சிரமும் அப்படியே. எருக்கு, கள்ளி, ரப்பர் மூன்றும் வேண்டாம். பெயர் உறுதியாகத் தெரியாத மரத்தின் கொப்பு எதுவும் வேண்டாம்.

உமிக்கரியில் உப்பும் குருமிளகும் பொடித்துப் போட்டு வருடக்கணக்கில் பல் தேய்க்கிறேன். பல் வெள்ளையாகத்தான் இருக்கிறது. சமீபமாகக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. இயற்கைப் பொருள்தானே, இதில் என்ன தவறு வரப் போகிறது?
— வாசகர், திங்கள்சந்தை

இன்றோடு நிறுத்திவிடுங்கள் அண்ணாச்சி. தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

உமியில் சிலிக்கா மிகுதி. மணலில் இருப்பதும் சிலிக்காதான். உமியை எரித்தால் மற்றவற்றில் பெரும்பகுதி போய்விடும், கரியோடு சிலிக்கா அப்படியே தங்கும். அதைப் பொடித்துப் பல்லில் தேய்க்கும்போது கறை போகிறது, உண்மை. கறையோடு பல்லும் போகிறது. உமிக்கரிக்காரர்களின் பல்லைக் கண்ணாடி வைத்து நான் பார்க்கும்போது, ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில், உளியால் செதுக்கியது போல ஒரு பள்ளம் குறுக்காக ஓடும். வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கப் பற்களில் அதிகம், ஏனென்றால் அங்கேதான் கை அழுத்தித் தேய்க்கும். அந்தப் பள்ளத்தின் அடியில் எனாமல் இருக்காது. மஞ்சளான உள்பகுதி தெரியும். குளிர்ந்த தண்ணீர் கூசுவது அதனால்தான். போன எனாமல் திரும்ப வளராது. பள்ளத்தை அடைத்து, கூச்சத்தை நிறுத்த எங்களால் முடியும். ஆனால் பல்லின் சொந்தச் சதையை யாராலும் திருப்பித் தர முடியாது.

இயற்கை என்ற ஒரு காரணத்துக்காக எதையும் வாயில் வைக்க முடியாது. மண்ணும் இயற்கைதான். நான் குச்சியை ஆதரிப்பதற்குக் காரணம் அதன் நார் பல்லைவிட மென்மையானது என்பது. உமிக்கரி, செங்கல் பொடி, சாம்பல், கடையில் விற்கும் கரகரப்பான சிவப்புப் பல்பொடி எல்லாம் வேறு வகை. எல்லாவற்றையும் ஒரே பையில் போடாதீர்கள். உப்பு, குருமிளகு வேண்டுமென்றால் குழம்பில் போடுங்கள். ஈறு வீங்கியிருந்தால் இளஞ்சூட்டு வெந்நீரில் உப்புக் கரைத்துக் கொப்பளிக்கலாம்.

ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் மிஸ்வாக் செய்கிறேன். பள்ளிவாசல் பக்கத்துக் கடையில் உறையிட்ட குச்சி வாங்குகிறேன். இதுவே போதுமா, தனியாகப் பேஸ்ட் வேண்டுமா?
— கல்லூரி மாணவர், தக்கலை

தம்பி, குச்சி வகைகளில் மிகுதியாக ஆராயப்பட்டது நீங்கள் பிடிக்கிற குச்சிதான். உகா மரத்தின் வேரும் கொப்பும் அது. அரபு நாட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல. ராமநாதபுரம், தூத்துக்குடி கரையோர வறண்ட நிலத்திலும் வளர்கிறது. மெல்லும்போது மூக்கில் ஏறும் காரத்துக்குக் காரணம் பென்சைல் ஐசோதயோசயனேட் என்ற பொருள். கடுகின் காரமும் அதே வகையறா. கிருமிகளைக் கட்டுப்படுத்த வல்லது. குச்சியில் சிலிக்காவும் சிறிதளவு ஃபுளோரைடும் உண்டு. ஆனால் உமிக்கரியில் இருக்கும் கரகரப்பு அதில் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் 1980களிலேயே, இந்தப் பழக்கம் உள்ள இடங்களில் அதை ஊக்குவிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது.

ஒரு நாளில் ஐந்து வேளை பல்லில் நார் படுகிறது என்றால் அது பெரிய பாதுகாப்பு. ஆனாலும் இரவுக்குப் பேஸ்ட் உண்டு. மிஸ்வாக்கிலிருந்து கிடைக்கும் ஃபுளோரைடு, பேஸ்ட்டில் உள்ளதற்கு ஈடாகாது. பேஸ்ட் உறையில் 1000 பி.பி.எம். ஃபுளோரைடு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூலிகைப் பேஸ்ட் பலவற்றில் அது இருப்பதில்லை. நோன்பு நாட்களில் விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்குப் பிறகும் இரவில் படுக்கும் முன்பும் பேஸ்ட்டை வைத்துக்கொள்ளலாம். நோன்பு நேரத்து மார்க்க விதிகளை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது என் வேலை இல்லை. குச்சி காய்ந்துவிட்டால் நுனியைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு மெல்லுங்கள். ஒரே நுனியை வாரக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். சட்டைப் பையில் திறந்தபடி வைப்பதும் வேண்டாம்.

என் அப்பாவும் அண்ணனும் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்காகும். படகில் நல்ல தண்ணீர் அளந்துதான். பல் துலக்குவதைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிறார்கள். குச்சி கொடுத்துவிடலாமா?
— வாசகி, தூத்தூர்

கொடுத்துவிடுங்கள் தங்கச்சி. சுறாவையும் சூரையையும் தேடி அவ்வளவு தூரம் போகிறவர்களுக்கு நடுக்கடலில் பல்வலி வந்தால் கரைக்கு வர எத்தனை நாளாகும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. வேப்பங்குச்சி சில நாட்களில் காய்ந்து கட்டையாகிவிடும். முதல் வாரத்துக்கு அது போதும், பிறகு உறையிட்ட மிஸ்வாக் நீண்ட நாள் தாங்கும்.

இரவு பேஸ்ட்டுக்குத் தண்ணீரே வேண்டாம். இதை எல்லா வாசகர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பிரஷ்ஷை நனைக்காமல் பேஸ்ட் வைத்து இரண்டு நிமிடம் துலக்கிவிட்டு, நுரையைத் துப்புங்கள், கொப்பளிக்காதீர்கள். மிச்சமிருக்கும் பேஸ்ட் பல்லில் தங்கினால்தான் ஃபுளோரைடு வேலை செய்யும். கரையில் இருக்கும் நாம்தான் வாய் நிறையத் தண்ணீர் எடுத்து நாலு முறை கொப்பளித்து அதை வீணாக்குகிறோம். தண்ணீர் குறைவான படகு இந்த ஒரு விஷயத்தில் வசதியான இடம்.

பழைய பிரஷ்ஷைக் கடலில் எறியாமல் கரைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இன்னொன்று: இரவு விழித்திருக்கப் புகையிலை போடுகிறார்களா என்று விசாரியுங்கள். போட்டால் அதை நிறுத்துவதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் பிறகு.

மூங்கில் பிரஷ் வாங்கியிருக்கிறேன். விலை அதிகம்தான். ஆனால் ஒரு மாதத்தில் கைப்பிடியில் கறுப்புப் பூஞ்சை. இது உண்மையிலேயே பிளாஸ்டிக்குக்கு மாற்றா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பாதி மாற்று. கைப்பிடி மூங்கில்; குச்சம் பெரும்பாலும் நைலான்தான். நைலான் குச்சம் வைத்த பிரஷ் 1938இல் அமெரிக்காவில் வந்தது. அதற்கு முன் பன்றி முடி. அதில் ஈரம் தங்கும், கிருமி தங்கும். வாய்க்கு நைலான் நல்ல மாற்றமாகத்தான் வந்தது. மண்ணுக்குத்தான் கெடுதல். ஒரு பிரஷ்ஷில் கைப்பிடி ஒரு பிளாஸ்டிக், குச்சம் இன்னொரு பிளாஸ்டிக், குச்சத்தைக் குழிக்குள் இறுக்கிப் பிடிக்க ஒரு துளி உலோகத் தகடு. மூன்றையும் பிரிப்பது செலவு பிடித்த வேலை என்பதால் பழைய சாமான் கடைக்காரர் அதைத் தொடுவதில்லை. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பிளாஸ்டிக் பொருட்களிலும் பிரஷ் கிடையாது.

2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் 18,70,374 பேர். ஆளுக்கு வருடத்துக்கு மூன்று பிரஷ் என்று வைத்தால் 56 லட்சத்தைத் தாண்டுகிறது. வாய்க்காலில் விழுந்தது பழையாற்றில் சேரும். பழையாறு மணக்குடியில் கடலுக்குப் போகும். குழித்துறை ஆற்றில் விழுந்தது தேங்காய்ப்பட்டணத்துக்குப் போகும். குப்பையோடு சேர்த்துப் புரையிடத்தில் கொளுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புகை முதலில் போவது அந்த வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குள்.

பூஞ்சைக்கு வழி: நம் ஊர் ஈரத்தில் மூங்கிலைக் குளியலறைக்குள் வைக்காதீர்கள். துலக்கியதும் துணியால் துடைத்து, சன்னலோரம் தலை மேலாக நிறுத்துங்கள். பூஞ்சை பிடித்ததைப் பயன்படுத்த வேண்டாம். தூக்கிப் போடும்போது குச்சத்தை இடுக்கியால் பிடுங்கிவிட்டுக் கைப்பிடியை மட்டும் மண்ணில் புதையுங்கள். பிளாஸ்டிக் பிரஷ்ஷே வைத்திருப்பவர்கள், அதை மாதாமாதம் மாற்றாமல் குச்சம் வளையும்வரை, மூன்று நான்கு மாதம் பயன்படுத்துங்கள். பிறகு சீப்பு, தையல் மிஷின், மிக்ஸி அடிப்பக்கம் துடைக்க அது இன்னும் ஒரு வருடம் உழைக்கும். காலை வேளையைக் குச்சி ஏற்றுக்கொண்டால் பிரஷ்ஷின் தேய்மானமும் குறையும். இரண்டும் சேர்ந்திருப்பதில் இந்த லாபமும் இருக்கிறது.

குச்சி பிடிக்கத் தொடங்கியதிலிருந்து ஈறில் இரத்தம் வருகிறது. நிறுத்தவா?
— வாசகி, ஆரல்வாய்மொழி

நார் குத்துகிறதா என்று புறங்கையில் பாருங்கள். குத்தாமலும் இரத்தம் வந்தால், ஈறில் ஏற்கெனவே வீக்கம் இருக்கிறது என்று பொருள். நிறுத்தாதீர்கள், மென்மையாகத் தொடருங்கள். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் பல் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் காத்திருக்காமல் இப்போதே போங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை எளிதில் கட்டுக்குள் வராது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் உடனே காட்ட வேண்டும்.

நாலு வயதுப் பேரனுக்குக் குச்சி பழக்கலாமா?
— வாசகர், கொல்லங்கோடு

வேண்டாம். வாயில் குச்சியோடு ஓடி விழுந்தால் அண்ணத்தில் குத்திவிடும். பத்து வயதுக்கு மேல், உட்கார வைத்துப் பழக்குங்கள். இப்போதைக்குச் சின்ன பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அரிசி மணி அளவு. பெரியவர் யாராவது தேய்த்துவிட வேண்டும்.

என் ஆச்சிக்கு எண்பது வயது. மேலே மூன்று பல், கீழே ஐந்து. வெற்றிலை பாக்கு விடமாட்டார். முன்பு புகையிலையும் உண்டு. "எனக்கும் வேப்பங்குச்சி ஒடித்துக் கொடு" என்று கேட்கிறார். கொடுக்கலாமா?
— பேத்தி, இரணியல்

மென்று துலக்குவதற்குக் கொடுக்காதீர்கள் அம்மா. எட்டுப் பல்லும் வேர் தெரிய நிற்கும். குச்சியைக் கடித்து இழுத்தால் ஆட்டம் கூடும். ஆசைக்காகக் கேட்கிறார் என்றால், நீங்களே நுனியைச் சுத்தியலால் தட்டி, வெந்நீரில் ஊறவைத்து, நாரை மென்மையாக்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாகத் துடைத்துவிடுங்கள். மற்ற நேரத்தில் மிக மென்மையான பிரஷ். பல் இல்லாத ஈறையும் ஈரத் துணி சுற்றிய விரலால் தினமும் துடைக்க வேண்டும்.

அப்படித் துடைக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி ஆகிய மூன்று இடங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தடிப்பு, வாயை முன்பு அளவுக்குத் திறக்க முடியாமை, இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று கவனியுங்கள். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே வாய்ப்புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் உறுதியாக அறிவித்துவிட்டது. ஏதாவது தென்பட்டால் வலி இல்லையே என்று தள்ளிப்போடாமல், அந்த வாரமே அருகிலுள்ள அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கோ, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். எதுவும் தென்படாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டுங்கள். பாக்கை ஒரே நாளில் பிடுங்கிவிட முடியாது; முதலில் இரவுத் தாம்பூலத்தை நிறுத்தச் சொல்லுங்கள். கன்னத்தில் அதை அடக்கியபடியே தூங்குகிறாரா என்று மட்டும் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.